மெரினாவுல முட்டி அளவு தண்ணியில நின்னா கூட ஆபத்தா?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்னு எடுத்துக்கறேன். மே மாசம் லீவுல கோயம்புத்தூர்ல இருந்து குடும்பத்தோட சென்னை வர்றீங்க, 6 வயசு பையன், 11 வயசு பொண்ணு, கூட உங்க அம்மா. மெரினாவுல குளிக்கத் தடைன்னு போர்டு இருக்கு, ஆனா எந்த போட்டோவைப் பார்த்தாலும் தண்ணிக்குள்ள கூட்டமா நிக்கறாங்க. நீச்சல் அடிக்க வேணாம், சும்மா முட்டி அளவு தண்ணியில பசங்களோட நின்னா என்ன ஆகிடும், பொண்ணு வேற நீச்சல் கிளாஸ் போறா, சென்னைக்குப் பக்கத்துல இருக்கற கோவளத்துல குளிக்க விடறாங்களே இங்க மட்டும் ஏன் இப்படின்னு கேட்டிருக்கீங்க. போலீஸ் சும்மா விரட்டறாங்களா இல்ல அந்தத் தண்ணியில நிஜமாவே ஏதாவது இருக்காங்கறதுதான் இதுக்குள்ள இருக்கற கேள்வி. நிஜமாவே இருக்கு. அதுவும் நடுக்கடல்ல இல்ல, நீங்க பாதுகாப்புன்னு நினைக்கற அந்த முட்டி அளவு இடத்துலதான் இருக்கு.

நான் கடற்கரைப் பொறியியல் படிச்சவன், கரை எவ்வளவு வளருது எவ்வளவு அரிக்குதுன்னு அளக்கற வேலையில 20 வருஷம் ஓடிடுச்சு. அதனால அலை, மணல், நீரோட்டம் பத்தி சொல்றதை தைரியமா சொல்லுவேன். ஆனா நான் டாக்டர் இல்ல, முதலுதவி பத்தி கீழ சொல்றது பயிற்சி வகுப்புல கத்துக்கிட்டது. அதே மாதிரி நீங்க வர்ற நாள்ல, நீங்க நிக்கற இடத்துல கடல் எப்படி இருக்கும்னு இங்க உக்காந்துக்கிட்டு யாராலயும் சொல்ல முடியாது, அப்படி யாராவது "அந்த இடம் சேஃப்தான் போங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, விடியக்காலையில மெரினாவுல அளவு எடுக்கப் போவோம். கரையில ஒருத்தர் லெவல் கருவி வெச்சுப் பார்ப்பாரு, இன்னொருத்தர் அளவுக்கோலை தூக்கிக்கிட்டு தண்ணிக்குள்ள போகணும், அந்த இன்னொருத்தர் எப்பவும் நான்தான். இடுப்புல கயிறு கட்டி, அதோட மறுமுனையை நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருத்தர் பிடிச்சிருப்பாரு. முட்டி அளவுல கோலை நிறுத்தி அளவு எடுத்தாச்சு, அடுத்த புள்ளிக்கு ஒரு 6 மீட்டர் தள்ளிப் போனேன், தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு. சாதாரணமா நடந்தா எட்டுத் தடவைதான் காலை எடுத்து வெச்சிருப்பேன். அதை விட எனக்கு மறக்காதது என்னன்னா முட்டி அளவுல நிக்கும்போது ஒவ்வொரு அலையும் திரும்பிப் போறப்ப குதிகாலுக்குக் கீழ இருக்கற மணல் உருவிக்கிட்டுப் போகும், ரெண்டு மூணு அலைக்குள்ள கணுக்கால் வரைக்கும் குழியில இருப்போம், அப்ப அடுத்த அலை வந்தா காலை எடுத்து வெக்கவே முடியாது. திரும்பி கரையில இருக்கறவங்களுக்கு அளவு கத்தினேன், அந்த மீனவர் கயிறை ஒரு சுண்டு சுண்டி, "தம்பி, கடலுக்கு முதுகு காட்டாத"ன்னாரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள கோல் என் கையில இல்ல.

இதை இப்ப உங்க பையனுக்கு பொருத்திப் பாருங்க. 6 வயசுப் பையன் 115 செ.மீ. உயரம் இருப்பான், உங்களுக்கு முட்டின்னா அவனுக்கு இடுப்பு, உங்களுக்கு நெஞ்சுன்னா அவனுக்கு தலைக்கு மேல. கோவா மாதிரி தட்டையான கரைன்னா அலை தூரத்துலயே உடைஞ்சு, உருண்டு உருண்டு வேகம் செத்து நம்ம காலுக்கு வரும். மெரினாவுல கரை சரிவா இறங்கறதால அலை கிட்டத்தட்ட கரைமேலயே வந்து கவிழ்ந்து விழுது. ஒரு கன மீட்டர் கடல் தண்ணி 1,025 கிலோ எடை, அது மேல இருந்து விழுந்துட்டு அதே சரிவுல வேகமா கீழ இறங்குது. தடுமாறி விழுந்தவங்க எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த அலை மேல விழும், அது போகும்போது இன்னும் ரெண்டு மீட்டர் உள்ள உருட்டிட்டுப் போகும். புடவை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் நனைஞ்சா காலைச் சுத்திக்கும், மடிப்புல மணல் வேற நிறைஞ்சுக்கும், அதோட எந்திரிக்கறது பெரியவங்களுக்கே கஷ்டம். நீச்சல் அடிக்கப் போனவங்க மட்டும் இல்ல, சும்மா நின்னுக்கிட்டு இருந்தவங்களும் இப்படித்தான் மாட்டறாங்க.

இது முதல் விஷயம். ரெண்டாவது, நம்ம ஊர்ல "உள்ள இழுக்குது", "சுழல் இருக்கு"ன்னு சொல்றது. இழுக்கறது உண்மை, ஆனா அது ஆளைக் கீழ்நோக்கி இழுக்கறது இல்ல. அலைங்க கரைக்குக் கொண்டுவந்து கொட்டற தண்ணி திரும்பிப் போகணும் இல்லையா, அது எல்லா இடத்துலயும் சமமா போகாம, தண்ணிக்கடியில இருக்கற மணல் திட்டுல எங்க இடைவெளி இருக்கோ அந்த வழியா வாய்க்கால் மாதிரி சேர்ந்து கடலைப் பார்த்து ஓடும். ரிப் கரண்ட்னு சொல்றது அதைத்தான். அதோட வேகம் பெரும்பாலும் நிதானமாத்தான் இருக்கும், ஆனா கடல் சீற்றமா இருக்கறப்ப நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டலாம், அது ஒலிம்பிக் நீச்சல் வீரர் நீந்தற வேகம். உங்க பொண்ணு நீச்சல் குளத்துல 25 மீட்டர் நல்லா அடிச்சாலும் அதை எதிர்த்து வர முடியாது, என்னாலயும் முடியாது. இதுல ரொம்ப கொடுமை என்னன்னா, அந்த வாய்க்கால்ல தண்ணி ஆழமா இருக்கறதால அலை அங்க உடையாது, ரெண்டு பக்கமும் வெள்ளையா நுரைச்சுக்கிட்டு இருக்க நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா, இல்லைன்னா மணல் கலங்கி பழுப்பா தெரியும். குழந்தைங்களோட வர்றவங்க அலை கம்மியா இருக்குன்னு நேரா அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கறாங்க, எத்தனையோ தடவை பார்த்துட்டேன். அந்த வாய்க்கால் ஒரே இடத்துல இருக்காது, மணல் திட்டு மாற மாற நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால உழைப்பாளர் சிலைக்கு நேரா ஆபத்து, காந்தி சிலைக்கு நேரா பரவாயில்லங்கற கணக்கெல்லாம் செல்லாது.

மூணாவது, "அரை மணி நேரம் நின்னு பார்த்தோம், அலை சின்னதாதான் வந்துச்சு"ன்னு சொல்றவங்களுக்காக. அலைங்க கும்பலா வரும், சின்னதா பல அலை, அப்புறம் பெருசா சில அலை. ஏழாவது அலைதான் பெருசுன்னு சொல்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்ல, கும்பலா வர்றது நிஜம், எண்ணிக்கைதான் நிலையா இருக்காது. 10 நொடிக்கு ஒரு அலைன்னு வெச்சா 3 மணி நேரத்துல ஆயிரத்துக்கு மேல அலை வரும், அவ்வளவு அலையில ஒண்ணு, வானிலை அறிக்கையில சொல்ற அலை உயரத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்கும்னுதான் கணக்கு சொல்லுது. அந்த ஒண்ணு எப்ப வரும்னு தெரியாது, அது வர்றப்ப நீங்க முதுகைத் திருப்பி செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

பௌர்ணமி அமாவாசைக்கு மட்டும் பயந்தா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சென்னையில ஓதத்துக்கும் வத்துக்கும், அதாவது கடல் ஏறி நிக்கறதுக்கும் இறங்கிப் போறதுக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி அன்னைக்கே சுமார் 1 மீட்டர்தான், தண்ணிக்கோடு கொஞ்சம் மேல கீழ போகும், அவ்வளவுதான். அதை விட காத்தும் பருவமும் முக்கியம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவத்துல வாடைக்காத்தோட கடல் முரடா இருக்கும், புயல் சின்னம்னா சொல்லவே வேணாம், அந்தச் சமயத்துல தண்ணி ஓரமே போகாதீங்க. நீங்க வர்ற மே மாசத்துல வேற ஒண்ணு இருக்கு, கள்ளக்கடல்னு பேரு. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச புயலோட அலை சில நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வெயில் பளிச்சுன்னு அடிக்கும், கடல் மட்டும் திடீர்னு பொங்கும். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவர்கள் இறந்தது அந்த மாதிரி நாள்லதான், அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசோட கடல் முன்னறிவிப்பு நிறுவனம் இதை முன்கூட்டியே சொல்லுது, தென்கோடியை விட சென்னைப் பக்கம் தாக்கம் குறைவுன்னாலும் மே மாசம் வர்றவங்க ஒரு தடவை பார்த்துட்டு வர்றது நல்லது.

மெரினா இப்படி இருக்கறதுக்குக் காரணம் தேடினா கதை துறைமுகத்துக்குப் போகும். துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் சரக்கும் மசூலா படகுல அலையைத் தாண்டி கரைக்கு வரணும். அந்தப் படகுல ஆணியே கிடையாது, பலகையை தென்னங்கயித்தால தைச்சிருப்பாங்க, அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கணுங்கறதுக்காக. 200 வருஷத்துக்கு முன்னாடியே மெட்ராஸ் அலைன்னா கப்பல்காரங்களுக்கு பயம். இன்னைக்கு விவேகானந்தர் இல்லம்னு சொல்ற ஐஸ் ஹவுஸ் 1842ல கட்டினது, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை இறக்கி வைக்க. இன்னைக்கு அதோட வாசல்ல நின்னா கடல் எவ்வளவு தள்ளி இருக்கு பாருங்க, அன்னைக்கு பக்கத்துலயே இருந்துச்சு. 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க, 1881 புயல்ல நிறைய உடைஞ்சு மறுபடி கட்டினாங்க. வருஷத்துல பெரும்பகுதி நம்ம கரையோரமா மணல் தெற்கே இருந்து வடக்கே நகருது, துறைமுகச் சுவர் அதை மறிச்சதால தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து இந்த 300 மீட்டர் அகலக் கரை வந்துச்சு, வடக்குப் பக்கம் ராயபுரம் தாண்டி மணல் வராம கடல் ஊருக்குள்ள அரிச்சுக்கிட்டுப் போச்சு, அங்க கல்லைக் கொட்டித்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க. கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல நடைபாதை போட்டு மெரினான்னு பேரு வெச்சது இந்தப் புது மணல் ஓரமாத்தான். இதுவரைக்கும் சொன்னது உறுதியான விஷயம். இப்படி சேர்ந்த மணலாலதான் சரிவு இவ்வளவு செங்குத்தா இருக்குன்னு சொல்றது என்னோட அனுமானம், அலையோட திசையும் மணலோட பருமனும் கூட காரணமா இருக்கும், மூணுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு நான் போக மாட்டேன்.

கோவளத்துல மட்டும் ஏன் விடறாங்கன்னா, அங்க கடல் சாதுன்னு அர்த்தம் இல்ல. 2021ல நீலக்கொடி சான்று, அதாவது சுத்தமும் பாதுகாப்பும் இருக்கற கரைக்குக் கொடுக்கற சர்வதேசச் சான்று வாங்கின கரை அது, குளிக்கறதுக்குன்னு ஒரு பகுதியைக் குறிச்சு, உயிர்காப்பாளர் நிக்கணுங்கறது அந்தச் சான்றோட நிபந்தனை. குறிச்ச பகுதியை விட்டு வெளிய போனா அதுவும் இதே வங்கக்கடல்தான். மெரினாவுல ஒரே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்ற கூட்டத்துக்கு எத்தனை உயிர்காப்பாளர் நிறுத்தினாலும் பத்தாது, அதான் தடை. காணும் பொங்கல் அன்னைக்கு போலீஸ் தண்ணி ஓரமா சவுக்குக் கட்டை கட்டி மறிச்சுடுவாங்க, குழந்தைங்க கையில போன் நம்பர் எழுதின பட்டையும் கட்டி விடுவாங்க. அந்தப் பட்டை யோசனையை சாதாரண நாளுக்கும் எடுத்துக்கோங்க, பையன் முன்னங்கையில பால்பாயின்ட் பேனாவால உங்க நம்பரை எழுதிடுங்க. கூட்டத்துல குழந்தை தொலையறது தண்ணியை விட அடிக்கடி நடக்கறது.

சரி, பசங்களை என்ன பண்றது, கடலைக் காட்டாம கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேப்பீங்க. மணல்ல உக்காந்து முதல்ல ஒரு 20 நிமிஷம் அலையை மட்டும் பாருங்க. எது வரைக்கும் நுரை ஏறி வருதுன்னு தெரியும், ஈரக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல காய்ஞ்ச மணல்ல அவங்க வீடு கட்டட்டும், குழி தோண்டட்டும், சங்கு பொறுக்கட்டும், ஓரமா தோண்டினாலே அடியில இருந்து தண்ணி ஊறும், என் பையனுக்கு சின்ன வயசுல கடலை விட அந்தக் குழிதான் பிடிச்சிருந்துச்சு. கால் நனைச்சே ஆகணும்னு அடம் பிடிச்சா, நுரை வந்து சாகற அந்தக் கடைசி விளிம்புல, கணுக்காலுக்கு மேல போகாம, நீங்க கடல் பக்கம், அவன் கரைப் பக்கம், கடலைப் பார்த்து நின்னு, விரலைப் பிடிக்காம மணிக்கட்டைப் பிடிங்க, ஈரக் கையில விரல் வழுக்கிடும். ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை, ரெண்டு கையில ரெண்டு பேரைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. போலீஸ் விசில் அடிச்சா வாக்குவாதம் பண்ணாம ஏறி வந்துடுங்க. நேப்பியர் பாலத்துப் பக்கம் கூவம் கலக்கற இடத்துலயும், மழை பெஞ்ச மறுநாளும் கால் நனைக்கறதே வேணாம், அது சாக்கடைத் தண்ணி.

ஒருவேளை யாராவது இழுக்கப்பட்டா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா இதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. ஒருத்தர் மாட்டினா காப்பாத்தப் போன அண்ணன், அப்பா, ஃப்ரெண்டுன்னு அடுத்தடுத்து போய் ரெண்டு மூணு உயிர் போற சம்பவங்களை வருஷா வருஷம் பேப்பர்ல படிக்கறோம். வெறுங்கையோட இறங்காதீங்க. மிதக்கற எதையாவது தூக்கிப் போடுங்க, மூடி போட்ட காலி தண்ணிக் கேன், ரெண்டு லிட்டர் பாட்டில், பந்து, எதுவா இருந்தாலும் சரி, கத்தி உயிர்காப்புப் போலீசையும் குப்பத்து ஆளுங்களையும் கூப்பிடுங்க, 112க்கு அடிங்க, ஆள் எங்க இருக்காருங்கறதுல இருந்து கண்ணை எடுக்காதீங்க. மாட்டினது நீங்கன்னா கரையைப் பார்த்து நீந்தாதீங்க, மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்க, அந்த நீரோட்டம் அலை உடையற இடத்தைத் தாண்டினா வலுவிழந்துடும், நீந்தத் தெரிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் நுரை இருக்கற இடத்துல திரும்பி வாங்க. வெளிய எடுத்தவங்களை தலைகீழா தொங்கவிட்டு சுத்தறது, வயித்தை அமுக்கறது ரெண்டும் தப்பு, நேரம்தான் வீணாகும், வாந்தி நுரையீரலுக்குள்ள போகும். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வெச்சு மூச்சு ஊதணும், அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகத்துல, 108 வர்ற வரைக்கும். பிழைச்சு எந்திரிச்சு உக்காந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடணும். இதைப் படிச்சா மட்டும் போதாது, ஒரு நாள் வகுப்புல கையால செஞ்சு பாருங்க.

அம்மாவோட வர்றதால வெயிலையும் கணக்குல எடுங்க. 2024 அக்டோபர் 6 மெரினாவுல விமானப்படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்துல அஞ்சு பேர் இறந்தது தண்ணியில இல்ல, வெயில்ல. மே மாசம் 11 மணிக்கு மேல அந்த 300 மீட்டர் மணலை வயசானவங்களால தாண்ட முடியாது, மணல் கொதிக்கும், கடல்காத்து ஏற மதியம் ஆகிடும். மே மாசம் சூரியன் 5.45க்கு முன்ன பின்ன கிழக்கே கடல்ல இருந்தே எழும், அதுக்குள்ள வந்து 7.30க்குள்ள கிளம்பிடுங்க, இல்லைன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல வாங்க, தேங்கா மாங்கா பட்டாணி சுண்டலும் பஜ்ஜியும் அப்பதான் சுடச்சுட கிடைக்கும். காரை விட பறக்கும் ரயில் நல்லது, திருவல்லிக்கேணி இல்ல கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். அம்மாவுக்கு மணல்ல நடக்க கஷ்டம்னா விவேகானந்தர் இல்லம் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022ல மரப்பாதை போட்டாங்க, போட்ட சில நாள்லயே மாண்டஸ் புயல்ல சேதமாகி மறுபடி சரி பண்ணினாங்க, அதுல சக்கர நாற்காலியிலயே கடல் தெரியற தூரம் வரைக்கும் போகலாம்.

பசங்க கடல்ல நனைஞ்சே தீரணும்னா ஒரு நாளை ஒதுக்கி காலையில கோவளம் போங்க, உயிர்காப்பாளர் இருக்காரான்னு பார்த்துட்டு, எது வரைக்கும் இறங்கலாம்னு அவர்கிட்டயே கேட்டுட்டு, பொண்ணு நீச்சல் தெரிஞ்சாலும் உங்க கை எட்டற தூரத்துல மட்டும். தேதி முடிவானதும் சொல்லுங்க, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இன்காய்ஸ் அலை முன்னறிவிப்புல சென்னைக் கரைக்கு என்ன போட்டிருக்குன்னு பார்த்து இங்கயே எழுதறேன்.